கம்பிவழி வரும் அழையா விருந்தாளி: ஒரு சோதனையின் வரலாறு

1

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி முத்தமிழ் விழாவில் நடந்தது இது. சிறப்புரை ஆற்றிக்கொண்டிருந்த மூத்த அறிஞர், ஒரு நீண்ட வாக்கியத்தை முடித்துவிட்டுத் தண்ணீர் அருந்துவதற்காகச் சற்றே நிறுத்தினார். அந்த அமைதியில் அரங்கின் ஒலிபெருக்கிகளிலிருந்து மெல்லிய குரல் ஒன்று வேளாண் செய்திகளை வாசித்தது. மாணவர்கள் சிரித்தார்கள். அறிஞரும் சிரித்துவிட்டார். அரங்கில் வானொலிப் பெட்டி எதுவும் இல்லை என்பதுதான் விந்தை. ஒலியமைப்பாளர் ஓடிவந்து, மேடையோரம் நீளமாகக் கிடந்த மைக் கம்பியை இடம் மாற்றிப் போட்டார். செய்தி நின்றது. என்ன நடந்தது என்று கேட்டேன். "கம்பி ஸ்டேஷன் புடிக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு தொடர் என் மனத்தில் நெடுநாள் கிடந்தது. மைக் கம்பியின் வேலை மேடையில் பேசுபவரின் குரலைக் கொண்டுசெல்வது. வானொலியைக் கேட்கும்படி அதனிடம் யாரும் சொல்லவில்லை. ஆயினும் அது கேட்டது. கேட்டதைப் பெருக்கியிடம் சொல்லவும் செய்தது. பிற்பாடு, மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் கூடமொன்றில் பணிபுரியும் பள்ளித் தோழர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் தொழிலே அதுதான்" என்றார்.

அத்தொழிலின் பெயர் மின்காந்த இணக்கம். ஒரு மின்கருவி தன் அண்டையிலுள்ள பிற கருவிகளுக்குத் தொல்லை தரக்கூடாது. அண்டையிலிருந்து வரும் தொல்லையால் தன் கடமையிலிருந்து வழுவவும் கூடாது. தமிழ் படித்தவனுக்கு இவ்விரண்டும் புதியவை அல்ல. வள்ளுவர் இன்னா செய்யாமைக்கு ஓர் அதிகாரமும் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். பொறியாளர்களும் அவ்வாறே முதலாவதை உமிழ்வு என்றும் இரண்டாவதைத் தாங்குதிறன் என்றும் பிரித்திருக்கிறார்கள். தொல்லை வெளியில் பரவி வரலாம். கருவியோடு இணைந்த கம்பிகளின் வழியாகவும் வரலாம். கம்பிவழி வருவதைக் கருவி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையே இக்கட்டுரையின் பொருள்.

இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரு செய்தி என்னை ஈர்த்தது. சோதிக்கப்படும் கருவியை அறிவதைவிட, சோதிக்கும் கருவிகளை நம்பத்தக்கவையாக ஆக்குவதே இத்துறையினருக்குப் பெரும்பாடாக இருந்திருக்கிறது. சோதனைக் கருவிகளும் கம்பிகளால் இணைக்கப்பட்டவையே. அவையும் கேட்கக்கூடாததைக் கேட்கும்.

2

கம்பி தனக்குச் சொல்லப்படாததையும் கேட்கும் என்பது, நெடுந்தொலைவுக்குக் கம்பி இழுக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது. 1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் ஆங்கில வானியலாளர் ரிச்சர்ட் காரிங்டன் சூரியப் பரப்பில் பேரொளி ஒன்றைக் கண்டார். மறுநாள் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தானாகவே மின்னோட்டம் பாய்ந்தது. தந்தி ஊழியர்கள் சிலருக்கு அதிர்ச்சி தாக்கியது. பாஸ்டன் நகர ஊழியரும் போர்ட்லாந்து நகர ஊழியரும் தங்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானம் தந்த மின்சாரத்தைக் கொண்டே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். கம்பிவழி இடையூறு வரலாற்றில் இவ்வளவு இனிய நிகழ்ச்சி வேறொன்று இல்லை. பெரும்பாலும் அழையா விருந்தாளி இத்தனை உதவிகரமாக நடந்துகொள்வதில்லை.

தொலைபேசி வந்தபின் தொல்லை செவிக்கே நேராக வந்தது. 1884இல் லண்டன் கிரேஸ் இன் சாலையில், தரைக்கடியில் இரும்புக் குழாய்களுக்குள் போன தந்திக் கம்பிகளின் செய்திகளை, வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஏறக்குறைய எண்பது அடி உயரத்தில் சென்ற தொலைபேசிக் கம்பிகளில் கேட்க முடிந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பொறியாளர் வில்லியம் பிரீஸ் இதை ஆராய்ந்தார். இரு கம்பிகளும் எங்கும் தொட்டுக்கொள்ளவில்லை. ஒன்றில் மாறும் மின்னோட்டம் மற்றொன்றில் தன் நிழலை எழுப்பியிருந்தது.

இதற்கான மருந்துகளில் ஒன்று முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் முறுக்கிய இரட்டைக் கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பிகளை வைத்து அவற்றைச் சேர்த்து முறுக்கிவிட்டால், வெளியிலிருந்து வரும் தொல்லை இரண்டின்மீதும் ஒரே அளவில் விழும். செய்தியோ இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஆகவே தொல்லை கழிந்து செய்தி நிற்கும். எளிமையும் அழகும் ஒருங்கே அமைந்த தீர்வு இது. ஆனால் இதற்குள் ஒரு மிச்சம் ஒளிந்திருக்கிறது. வேறுபாடு கழிந்தாலும், இரண்டு கம்பிகளும் பூமியை நோக்க ஒருசேர ஏறி இறங்குவது அப்படியேதான் இருக்கிறது. இதைப் பொதுமுறை மின்னழுத்தம் என்பார்கள். கம்பி கருவிக்குள் நுழையுமிடத்தில் சமநிலை சிறிது பிறழ்ந்தாலும், அந்தப் பொதுமுறைத் தொல்லை செய்தியாக வேடமிட்டு உள்ளே போய்விடும். நூறாண்டுகளுக்குப் பின் உருவான தாங்குதிறன் சோதனை, இந்தப் பொதுமுறைத் தொல்லையையே வேண்டுமென்று உருவாக்கிக் கம்பியில் செலுத்துகிறது.

சட்டமும் விரைவிலேயே வந்தது. 1892இல் ஜெர்மானியப் பேரரசு இயற்றிய தந்திச் சட்டம், மின் அமைப்புகள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்வதைப் பற்றிப் பேசியது. இத்துறையின் முதற்சட்டமாகப் பலரும் இதையே சுட்டுகிறார்கள்.

3

வானொலி ஒலிபரப்பு பரவியதும், குற்றம் முழுவதும் தொல்லை தருபவன்மீதே சுமத்தப்பட்டது. டிராம் வண்டி, மின்மோட்டார், மருத்துவரின் கருவி ஆகியவை எழுப்பும் இரைச்சல் வீட்டு வானொலியைக் கெடுத்தது. 1934இல் பாரிசில் கூடிய வானொலி இடையூறுக்கான பன்னாட்டுச் சிறப்புக் குழு, அதாவது சிஸ்பர், அந்த இரைச்சலை எப்படி அளப்பது, எவ்வளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்ற வினாக்களை எடுத்துக்கொண்டது. தொல்லைக்கு ஆளாகும் கருவி எவ்வளவு தாங்க வேண்டும் என்ற வினா அன்று முன்வரிசைக்கு வரவில்லை. பாதிக்கப்பட்டவனையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பது எந்தக் காலத்திலும் எளிதல்ல.

அவ்வினா உயிர்ப்பிரச்சினை என்பதை 1967 ஜூலை 29ஆம் நாள் உலகம் கண்டது. டோங்கின் வளைகுடாவில் நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஃபாரஸ்டலில், பறக்கத் தயாராக இருந்த ஃபேண்டம் விமானத்திலிருந்து ஜூனி வகை ராக்கெட் ஒன்று யாரும் ஏவாமலே பாய்ந்தது. அது எதிரே நின்ற விமானத்தைத் தாக்கி எரிபொருளைச் சிதறடித்தது. தீ பரவி வெடிகுண்டுகள் வெடித்தன. 134 பேர் மாண்டார்கள். இத்துறை நூல்கள் சிலவற்றில், ரேடார் கதிர் ராக்கெட்டை ஏவிவிட்டது என்று இந்நிகழ்ச்சி சொல்லப்படுவதுண்டு. கடற்படை விசாரணை கண்ட காரணம் வேறு. விமானத்தை வெளி மின்சாரத்திலிருந்து சொந்த மின்சாரத்துக்கு மாற்றிய நொடியில் எழுந்த மின்னெழுச்சி ஏவுசுற்றுக்குள் புகுந்தது என்பதே அது. ராக்கெட்டின் பாதுகாப்பு ஏற்பாடுகள் நேரத்துக்கு முன்பே நீக்கப்பட்டிருந்ததும் சேர்ந்துகொண்டது. அதாவது தொல்லை வந்த வழி காற்றன்று, கம்பி. காற்றில் வரும் கதிரைச் சொல்லும் கதை கேட்பதற்குச் சுவையாக இருப்பதாலோ என்னவோ, கம்பியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அமெரிக்கப் படைத்துறையில் அதுவரை பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டிருந்த இடையூறு விதிகளை ஒன்றாக்கிய 461ஆம் எண் தரநிலை வெளியானதும் அதே 1967ஆம் ஆண்டில்தான். ஆண்டுக்கணக்கில் நடந்த பணியின் பயன் அது. அந்தத் தீ விபத்தின் விளைவு என்று கொள்ளலாகாது. உமிழ்வுக்கு வரம்பு கட்டியதோடு, கருவியின் மின்கம்பிகளில் தொல்லையைச் செலுத்தி அது தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனைகளையும் அது வகுத்தது. கம்பிக் கற்றை முழுவதையும் ஒரு கவ்வியால் பற்றி அதில் மின்னோட்டத்தைத் தூண்டும் சோதனை, 1993இல் அத்தரநிலையின் நான்காம் திருத்தத்தில் இடம்பெற்றது.

4

படைத்துறைக்கு வெளியே இவ்வினாவைக் கூர்மையாக்கியது டிரான்சிஸ்டர். எங்கள் கல்லூரி அரங்கில் நடந்ததன் விளக்கமும் இங்கேதான் இருக்கிறது. மத்திய அலை வானொலியின் அதிர்வெண் மனிதச் செவிக்கு எட்டாதது. ஒலிபெருக்கியாலும் அதை ஒலிக்க முடியாது. ஆனால் பெருக்கியின் முதல் டிரான்சிஸ்டரில் உள்ள சந்தி, உள்ளே நுழைந்த உயரதிர்வெண் அலையின் ஒரு பாதியை மட்டும் மிகுதியாகக் கடத்திவிடுகிறது. அலையின்மேல் ஏற்றப்பட்டிருந்த குரல் இதனால் தனியே பிரிந்து வெளிவருகிறது. வானொலிப் பெட்டி அறிந்து செய்யும் வேலையை இந்தச் சந்தி அறியாமல் செய்கிறது. இதே சந்தி ஓர் அளவுமானியில் இருந்தால் குரல் கேட்காது; வெப்பநிலை இரண்டு பாகை கூடுதலாகத் தெரியும். பார்ப்பவர் அதை உண்மை என்றே எண்ணுவார்.

கருவி தாங்குகிறதா என்று பார்க்க நேரான வழி, அதை வானொலி அலையில் நனைத்துப் பார்ப்பது. ஆனால் 150 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 கிலோமீட்டர். 80 மெகாஹெர்ட்ஸில்கூட அது 3.75 மீட்டர். இத்தனை நீண்ட அலைகளை நான்கு சுவர்களுக்குள் சீராக எழுப்புவது பெரும் செலவும் பெரும் சிரமமும் தருவது. வெளியில் எழுப்பினாலோ ஊர் வானொலிகள் அனைத்தும் கெடும்; சட்டமும் விடாது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வழி காட்டியவர்களில் ஸ்விட்சர்லாந்தின் அஞ்சல், தந்தி, தொலைபேசித் துறையின் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். 1969இல் அத்துறையைச் சேர்ந்த மேயர் த ஸ்டாடெல்ஹோஃபனும் பெர்சியேவும் உமிழ்வை அளக்க ஒரு கவ்வியை அறிமுகப்படுத்தினார்கள். சிறிய வீட்டுக் கருவி ஒன்று வெளியே பரப்பும் இரைச்சலில் பெரும்பகுதி, அதன் உடலிலிருந்து கிளம்புவதில்லை. அதன் மின்கம்பியே வானலைவாங்கி போல நின்று பரப்புகிறது. ஆகவே வெளியில் பரந்த அலையைத் தேடி அலைய வேண்டாம், கம்பியை ஃபெர்ரைட் வளையங்களால் கவ்வி அதில் ஓடுவதை அளந்தால் போதும். ஃபெர்ரைட் என்பது ஜப்பானில் 1930இல் காட்டோவும் டக்கேயும் உருவாக்கிய காந்தப் பொருள். உயரதிர்வெண் மின்னோட்டத்தை விழுங்கி வெப்பமாக்கிவிடும் இயல்புடையது. அந்தக் கவ்வி அதன் ஆக்கியவர் பெயரின் முதலெழுத்துகளால் இன்றும் வழங்குகிறது.

வெளியே போகும் தொல்லைக்குக் கம்பி வாயில் என்றால், உள்ளே வரும் தொல்லைக்கும் அதுவே வாயிலாக இருக்க வேண்டும். 1983இல் ஜூரிச்சில் நடந்த மின்காந்த இணக்கக் கருத்தரங்கில் பெர்சியேவும் சென்ட்குட்டியும் அளித்த கட்டுரை இதையே வாதிட்டது. அலைநீளத்தோடு ஒப்பிடக் கருவி சிறியதாக இருக்கும் வரையில், அதை அலையில் நனைப்பதற்குப் பதிலாக, அலை கம்பியில் எழுப்பியிருக்கக்கூடிய மின்னழுத்தத்தை நாமே கம்பியில் செலுத்தினால் சோதனை அதற்கு ஈடாகும். கதிர்வீச்சுச் சோதனையின் இடத்தில் கம்பிவழிச் சோதனை நிற்கத் தகும் என்பதற்குப் புதிய சோதனைச் சான்றுகளை அவர்கள் முன்வைத்தார்கள்.

ஒரு பெரும் மண்டபத்தில் நடக்க வேண்டிய சோதனையை ஒரு மேசைமீது நடத்தலாம் என்பது சிறிய நிறுவனங்களுக்குக் கிடைத்த வரம். ஆனால் எல்லா வரங்களையும் போல இதற்கும் நிபந்தனைகள் இருந்தன. அவற்றை நிறைவேற்றுவதில்தான் கருவிகளின் பாடு தொடங்குகிறது.

5

முதல் நிபந்தனை, எந்த எதிர்ப்பின் வழியாகச் செலுத்துவது என்பது. இம்பீடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு ஒவ்வொரு கம்பிக்கும், ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வேறுபடும். கட்டடங்களில் ஓடும் கம்பிகள் பூமியை நோக்கக் காட்டும் மின்னெதிர்ப்புக்குச் சராசரியாக 150 ஓம் என்பதை ஏற்றுக்கொண்டார்கள். மெய்யான கம்பி எதுவும் எப்போதும் 150 ஓம் காட்டுவதில்லை. எனினும் உலகெங்கும் ஒரே அளவுகோல் வேண்டுமானால், இப்படியொரு உடன்பாடு தேவைப்படுகிறது.

அந்த உடன்பாட்டை நிறைவேற்றும் கருவிக்குச் சிடிஎன் என்று பெயர். செலுத்துவதும் பிரிப்பதும் ஆகிய இரு வேலைகளையும் செய்யும் பெட்டி அது. சோதனைக்குரிய கருவியின் பக்கம் தொல்லையைச் செலுத்த வேண்டும். மறுபக்கம் இருக்கும் மின்வழங்கியோ துணைக்கருவியோ அதனால் பாதிக்கப்படாமல் காக்கவும் வேண்டும். தொல்லையை உண்டாக்கும் அலையியற்றியின் எதிர்ப்பு 50 ஓம். பெட்டிக்குள் 100 ஓம். இரண்டும் சேர்ந்து 150. மூன்று கம்பி கொண்ட மின்தொடருக்கு, ஒவ்வொரு கம்பியோடும் 300 ஓம் வைத்து மூன்றையும் இணையாகச் சேர்த்து அந்த 100 ஓமைப் பெறுகிறார்கள். மறுபக்கத்தைக் காக்கக் கம்பிச்சுருள் ஒன்று குறுக்கே நிற்கிறது.

சொல்லும்போது எளிது. ஆனால் கம்பியின் வகைக்கு ஏற்பப் பெட்டி மாறவேண்டும். இரண்டு கம்பிக்கு ஒன்று, மூன்று கம்பிக்கு ஒன்று, திரையிட்ட கம்பிக்கு ஒன்று, தொலைபேசி இணைக்கு ஒன்று, எட்டுக் கம்பி கொண்ட கணினி வலைத்தொடருக்கு ஒன்று என்று சோதனைக்கூடத்தின் அலமாரி நிறைகிறது. பெரிய எந்திரத்தைச் சோதிக்க வேண்டுமானால், அது உண்ணும் மின்னோட்டம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கும் சுருளின் வழியேதான் போகவேண்டும். சுருளின் ஃபெர்ரைட் காந்தத்தால் நிறைந்துவிட்டால் அது தடுக்கும் வேலையை நிறுத்திவிடும். அதி விரைவில் தரவு ஓடும் தொடருக்கான பெட்டியோ, தொல்லையைச் செலுத்தும்போதே தரவைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். கெடுத்தால், தவறியது கருவியா பெட்டியா என்று யார் சொல்வது?

பெட்டி பொருந்தாத இடத்தில் கவ்வியை நாடுகிறார்கள். கவ்விக்குக் கம்பியை வெட்ட வேண்டியதில்லை, பற்றினால் போதும். ஆனால் இந்த எளிமைக்கு விலை உண்டு. பன்னாட்டுத் தரநிலையின் கணக்குப்படி, 10 வோல்ட் அளவிலான சோதனைக்குப் பெட்டியைப் பயன்படுத்தினால் 7 வாட் தரும் பெருக்கி போதும். ஃபெர்ரைட் வளையங்களால் ஆன நீண்ட மின்காந்தக் கவ்விக்கு 28 வாட் வேண்டும். ஐந்துக்கு ஒன்று என்ற சுற்று விகிதமுள்ள மின்னோட்டக் கவ்விக்கோ 176 வாட் வேண்டும். மேலும் மின்னோட்டக் கவ்விக்குத் திசை தெரியாது. சோதிக்க வேண்டிய கருவியின் பக்கம் எவ்வளவு செலுத்துகிறதோ, துணைக்கருவியின் பக்கமும் அவ்வளவு செலுத்தும். அந்தப் பக்கத்தில் 150 ஓம் இல்லாவிட்டால் மின்னோட்டம் அளவு மீறும். அதற்காகவே மற்றொரு வளையத்தை மாட்டி ஓடும் மின்னோட்டத்தைக் கண்காணித்து, 10 வோல்ட் சோதனையில் அது ஏறக்குறைய 67 மில்லியாம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 10 வோல்ட்டை 150 ஓமால் வகுத்தால் கிடைப்பதே இந்த எண்.

பெருக்கியின் சிக்கல் வேறு வகையானது. வானொலிக் குரலைப் போலிசெய்யும் பொருட்டு, தொல்லையின்மேல் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை 80 விழுக்காடு ஆழத்தில் ஏற்றுகிறார்கள். இதனால் அலையின் உச்சம் 1.8 மடங்காகிறது, அந்த உச்சத்துக்கு வேண்டிய ஆற்றல் 3.24 மடங்காகிறது. பண்பேற்றம் இல்லாத அலையைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்துவிட்டு, பின்னர் பண்பேற்றினால், சிறிய பெருக்கி உச்சத்தை எட்ட முடியாமல் அலையின் தலையை மழித்துவிடும். மழிக்கப்பட்ட அலையிலிருந்து மேற்சுரங்கள் பிறக்கும். அப்போது 5 மெகாஹெர்ட்ஸில் சோதிப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, கருவி உண்மையில் 15 மெகாஹெர்ட்ஸில் அடிபட்டுக் கொண்டிருக்கும். குற்றம் ஓரிடம், பழி ஓரிடம்.

பெருக்கிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தணிப்பியை வைப்பதும் விதி. குறைந்தது 6 டெசிபல் அளவுக்கு அது ஆற்றலைத் தணிக்கும். அதாவது, விலை கொடுத்து வாங்கிய பெருக்கி தரும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கை அங்கேயே வெப்பமாக எரித்துவிடுகிறார்கள். முதன்முறை கேட்டபோது எனக்கு இது ஊதாரித்தனமாகப் பட்டது. தோழர் விளக்கினார். பெட்டியின் எதிர்ப்பும் கம்பியின் எதிர்ப்பும் பொருந்தாத இடங்களில் அலை திரும்பி வருகிறது. திரும்பி வந்த அலை பெருக்கியோடு மோதி அளவுகளைக் குலைக்கிறது. தணிப்பி போகும்போதும் தணிக்கிறது, வரும்போதும் தணிக்கிறது. ஆகவே திரும்பும் அலை மெலிந்துபோகிறது. அளவு நிலையாக நிற்பதற்காக ஆற்றலைத் தியாகம் செய்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, செலுத்தியது உண்மையில் சேர்ந்ததா என்று அறிய அளவுத்திருத்தம் செய்கிறார்கள். கருவியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 150 ஓம் எதிர்ப்பை வைத்து, அதில் 50 ஓம் பகுதியின்மேல் தோன்றும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். மூல அழுத்தத்தில் பாதி இந்தப் பக்கம் விழும். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுமானிக்கு. ஆக ஆறில் ஒரு பங்கு. 10 வோல்ட் என்று சொன்னால் மானி 1.67 வோல்ட் காட்டவேண்டும். இதை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு படியிலும் பார்க்க வேண்டும். படிக்குப் படி ஒரு விழுக்காடு ஏற்றினால் ஏறக்குறைய 630 படிகள். சோதனையின்போது ஒவ்வொரு படியிலும் மூன்று நொடி நின்றால்கூட ஒரு கம்பிக்கு அரை மணி நேரத்துக்கு மேலாகும். மெதுவாக இயங்கும் கருவிக்கு மூன்று நொடி போதாது. தான் பாதிக்கப்பட்டதைக் காட்டுவதற்கே அதற்கு நேரம் வேண்டும்.

6

1989இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் மின்காந்த இணக்க ஆணையை வெளியிட்டது. இடைக்கால அவகாசம் முடிந்து 1996 ஜனவரி முதல் அது முழுமையாகக் கட்டாயமாயிற்று. உமிழ்வோடு தாங்குதிறனும் சட்டக் கடமையானது. தொல்லைக்கு ஆளாகும் கருவி அன்றுதான் முறையாகக் கூண்டில் ஏறியது எனலாம். கம்பிவழித் தாங்குதிறனுக்கு 1993இல் ஐரோப்பிய முன்தரநிலை ஒன்று வந்திருந்தது. 1996இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலை வெளியானது. எண் முறை மாறியபின் அது 61000-4-6 என்று வழங்கலாயிற்று. 1, 3, 10 வோல்ட் என மூன்று படிநிலைகளை அது வகுத்தது. கதிர்வீச்சுச் சோதனையிலும் இவையே மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று நிற்கின்றன. ஜூரிச்சில் சொல்லப்பட்ட ஈடு என்ற கருத்தின் தடத்தை இந்த எண்களிலேயே காணலாம்.

அத்தரநிலை 2003, 2008, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகளைக் கண்டது. பெருக்கி நிறைவுற்று மழிக்கிறதா என்று பார்ப்பது, கவ்விகளை அளவுத்திருத்துவது, பல கம்பிகள் உள்ள கருவியில் எவற்றைத் தேர்வது முதலியவை காலப்போக்கில் தெளிவாக்கப்பட்டன. ஆனால் 150 ஓம் மாறவில்லை, 80 விழுக்காடு மாறவில்லை, மூன்று படிநிலைகளும் மாறவில்லை. பாடம் மாறாமல், பாடத்தை ஓதும் முறை மட்டும் மேன்மேலும் திருத்தப்பட்டு வருகிறது. ஏட்டுச்சுவடிப் பதிப்புகளோடு பழகிய எனக்கு, இது நன்கு தெரிந்த உழைப்பாகவே பட்டது. மூலத்தை நம்புமுன் படியெடுத்தவன் கையை ஆராய வேண்டும் என்பதே இரண்டிடத்தும் விதி.

7

தோழர் தம் அனுபவம் ஒன்றைச் சொன்னார். நோயாளியின் நரம்பில் துளித்துளியாக மருந்து ஏற்றும் கருவி ஒன்று அவர்கள் கூடத்துக்கு வந்தது. செய்தவர் சிறு தொழிலதிபர். கடன் வாங்கித் தொழில் நடத்துபவர். கருவி சரியான அளவில் மருந்தை விடுகிறதா என்று அறிய, வெளியேறும் திரவத்தை மின்னணுத் தராசு ஒன்றில் சேர்த்து எடை பார்த்தார்கள். சோதனை ஓடியபோது குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் எடை தாறுமாறாக ஏறியது. கருவி தேறவில்லை என்று எழுதும் நிலை. தொழிலதிபர் மூன்று நாள் உட்கார்ந்து சுற்றுப்பலகையை மாற்றினார், வடிப்பி சேர்த்தார், ஃபெர்ரைட் மாட்டினார். எதுவும் பலிக்கவில்லை. நான்காம் நாள் தோழருக்கு ஓர் ஐயம் எழுந்தது. மருந்தேற்றும் கருவியை நிறுத்திவிட்டு, திரவம் ஒரு துளியும் விழாத நிலையில், தொல்லையை மட்டும் செலுத்திப் பார்த்தார். தராசு அப்போதும் ஏறியது. கம்பிக்கு அருகிலேயே, அதே மின்பலகையிலிருந்து மின்சாரம் பெற்றுக்கொண்டிருந்த தராசுதான் தொல்லையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் தள்ளி வைத்து, மின்கலத்தில் இயக்கிப் பார்த்தபோது கருவி தேறியது.

"நீதிபதியே சாட்சி சொல்லியிருக்கிறார்" என்றேன். அவர் இதைவிட அஞ்சுவது இதற்கு நேர்மாறான தவறை. ஒருமுறை, பெட்டியைத் தரைத்தகட்டோடு பிணைக்கும் திருகாணி தளர்ந்திருந்தது. செலுத்திய தொல்லையில் பெரும்பகுதி கருவிக்குப் போய்ச் சேரவே இல்லை. கருவி அமைதியாக இருந்தது. தேறிவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள். காலையில் செய்யும் வழக்கமான சரிபார்ப்பை அன்று செய்யாமல் விட்டதை அவர் மாலையில் நினைவுகூர்ந்து, பிணைப்பை இறுக்கி மறுபடியும் சோதித்தார். கருவி தவறியது. தவறான தோல்வி, செய்தவனின் மூன்று நாளையும் சிறிது பணத்தையும் தின்னும். அவன் கூச்சல் போடுவான், உண்மை வெளிவந்துவிடும். தவறான தேர்ச்சிக்குக் கூச்சல் போட ஆளில்லை. அது சான்றிதழோடு புறப்பட்டு, ஏதோவொரு மருத்துவமனையில், அறுவைக் கருவி இயங்கும் அறைக்குப் பக்கத்துப் படுக்கையில் போய் நிற்கும். அங்கே துளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும், கம்பியை யாரும் ஐயுறப் போவதில்லை.

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு காலையும் முதல் வேலையாக, 150 ஓம் எதிர்ப்பை மாட்டி, மானி ஆறில் ஒரு பங்கைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே மற்ற வேலையைத் தொடங்குகிறாராம். பத்து நிமிட வேலை. யாரும் அதைக் கேட்பதில்லை, பாராட்டுவதும் இல்லை.

இதை எழுதத் தொடங்கியபோது, எங்கள் விழாவில் ஒலியமைத்த அந்த மனிதரை நினைத்துக்கொண்டேன். அவருக்கு 150 ஓமும் தெரியாது, ஜூரிச்சும் தெரியாது. ஆனால் வானொலி நிலையத்தைக் குறைசொல்லாமல், பெருக்கியை அடித்துப் பார்க்காமல், நேரே கம்பியிடம் போனார். நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலரும் பட்டு அறிந்ததை, அவர் தம் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்.